தாயின் மனத்துயரும் சமூகப் பணியாளரின் கடமையும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து இன்று வெள்ளி விழாக் காண்கின்றது. இக்கால் நூற்றாண்டில் நம் தெருக்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், செவிலியர்கள் வந்தார்கள், பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். கைநாட்டு வைத்த தந்தையின் மகன் கோப்புகளில் கையெழுத்திடும் அலுவலராக அமர்ந்திருப்பதைக் கண்டு நாம் பூரிப்படைகிறோம். ஆயினும் ஒரு துறையில் நம் பிள்ளைகளின் காலடி இன்னும் அழுந்தப் பதியவில்லை. அதுவே சமூகப் பணித் துறை. அத்துறையினுள்ளும், பிள்ளை பெற்ற தாயின் மனநலத்தைக் காக்கின்ற பணி நம் மக்களுக்கு மிகவும் வேண்டுவது; நம் பிள்ளைகளால் மிகச் சிறப்பாகச் செய்யத் தக்கது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு கலந்துரையாட விழைகிறோம்.

தொண்டும் தொழிலும்

சமூக சேவகர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? வெள்ளுடை அணிந்து, விழா மேடையில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் பெரியவர். அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் இன்று நாம் பேசுவது, மருத்துவத்தைப் போலவும் ஆசிரியத்தைப் போலவும் முறையாகப் பயின்று செய்யும் ஒரு தொழிலைப் பற்றி.

இத்தொழில் மருத்துவமனைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை அறிந்துகொள்வது நலம். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்டு கேபட் என்ற மருத்துவர் பணியாற்றினார். நோயாளியின் வீட்டு நிலை தெரியாமல் மருந்து எழுதுவது பெரும்பாலும் வீண் என்று அவர் கண்டார். காற்று நுழையாத அறைக்குத் திரும்பப் போகிறவனிடம், ‘நல்ல காற்றைச் சுவாசி’ என்று சொல்லி என்ன பயன்? எனவே 1905-இல் சமூகப் பணியாளர் ஒருவரை அங்கே அமர்த்தினார். அடுத்து வந்த ஐடா கேனன் என்ற அம்மையார், 1945-இல் ஓய்வு பெறும் வரை அப்பணியை ஒரு தனித் துறையாக வளர்த்தார். நம் நாட்டில் 1936-இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையினர் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினர். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. ஆகவே இத்துறை நமக்கு அயலானதன்று. நம் பிள்ளைகள் அதனை நாடாமல் இருப்பது ஒன்றே குறை.

நோயின் இயல்பு

பிள்ளைப்பேறு மகிழ்ச்சிக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேற்றுக்குப் பின் முதல் சில நாள்களில் தாய்மார் பலர் காரணமின்றி அழுவர்; சிறு சொல்லுக்கும் கலங்குவர். இது இயல்பு. ஆறுதலும் ஓய்வும் கிடைத்தால் இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கிவிடும்.

அடங்காமல் நீடிப்பதே மனச்சோர்வு நோய். உறக்கம் வராது, பிள்ளை உறங்கினாலும் தாய்க்குக் கண் மூடாது. உணவில் விருப்பம் இராது. பிள்ளையைத் தூக்கக் கை எழாது. ‘நான் ஒரு தாயா?’ என்ற குற்ற உணர்வு உள்ளத்தை அரிக்கும். சாகலாம் என்ற எண்ணமும் சிலர்க்கு எழும். இது சோம்பலும் அன்று, திமிரும் அன்று. மருத்துவம் செய்தால் தீரக்கூடிய நோய்.

இன்னும் கடுமையான ஒன்று உண்டு. ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் அது நேர்கிறது. பேற்றுக்குப் பின் சில நாள்களிலேயே தாய் இல்லாத குரலைக் கேட்பாள், தொடர்பின்றிப் பேசுவாள், பிள்ளையைப் பற்றி விபரீதமான எண்ணம் கொள்வாள். பிரசவ சன்னி என்று நம் பெரியவர்கள் சொல்வதில் இதுவும் அடங்கும். கிருமித் தாக்கத்தால் வரும் கடுங்காய்ச்சலையும் அப்பெயராலேயே அழைப்பார்கள். இரண்டில் எதுவாயினும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காத்துக் கருப்பு என்று கருதிப் பூசாரியிடம் கொண்டு செல்லும் நேரம், உயிர் கைநழுவும் நேரமாகிவிடும்.

யாரை மிகுதியும் பற்றுகிறது?

நமக்கு அண்மையிலுள்ள சான்றையே காட்டுவோம். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் கருவுற்ற பெண்களைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் கண்டு ஆராய்ந்தனர். அதன் முடிவு 2002-இல் வெளியாயிற்று. பேற்றுக்குப் பின் நூற்றுக்குப் 11 பேர் புதிதாக இம்மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். காரணங்களாக அவர்கள் கண்டவை எவை? குறைந்த வருவாய்; ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் மகவு பிறத்தல்; மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு; கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள்; வீட்டு வேலையில் கைகொடுப்பார் இல்லாமை. அதே ஆண்டில் கோவாவிலிருந்து வெளிவந்த ஆய்வும், வறுமை, கணவனோடு இணக்கமின்மை, பெண் மகவு என்பவற்றையே காரணங்களாகக் காட்டியது.

அன்பர்களே! இப்பட்டியலைச் சற்று உற்று நோக்குங்கள். இவற்றுள் எது நம் தெருவுக்குப் புதிது? பச்சை உடம்போடு களை பறிக்கப் போன தாயை நாம் கண்டதில்லையா? வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு நாற்று நட்டவள் நம் அக்காளும் தங்கையும் அல்லளா? மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக முகம் திருப்பிக்கொண்ட வீடுகள் நம்மிடையே இல்லையா? கூலி முழுதும் சாராயத்தில் கரைந்த இரவுகளுக்குக் கணக்குண்டா? இத்தனையையும் சுமப்பவளின் மனம் ஒடிந்தால், ஒடிந்ததற்கு அவளையே குற்றவாளியாக்குவது எவ்வகை நீதி?

பள்ளிப் பதிவேடு சொல்லும் செய்தி

‘இது மருத்துவர் பேச வேண்டியது, தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் வருகைப் பதிவேடு ஊரின் மனநிலையைக் காட்டும் கண்ணாடி என்பது பல்லாண்டுப் பணியில் நாம் கண்ட உண்மை. எட்டாம் வகுப்புப் பெண் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லையென்றால், அவ்வீட்டில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்றே பொருள்.

நாம் பணியாற்றிய ஓர் ஊரில் இவ்வாறே ஒரு மாணவி நின்றுவிட்டாள். வகுப்பாசிரியையுடன் அவள் வீட்டிற்குச் சென்றோம். மாணவி அடுப்படியில் இருந்தாள். இடுப்பில் நான்கு மாதக் கைக்குழந்தை. தாய் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள், பேசினால் விடையில்லை. கோடாங்கி பார்த்தாயிற்று, கடன் வாங்கி ஒரு கிடாயும் வெட்டியாயிற்று. ஒரு மருத்துவமனைக்கும் போயிருந்தார்கள். அங்கே, ‘உடம்புக்கு ஒன்றுமில்லை, போ’ என்று ஒருமையில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதன் பின் அத்தாய் எவரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று மாமியார் கூறினார்.

கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகச் செய்தி சென்று, மனநலப் பணியில் இருந்த ஒரு சமூகப் பணியாளர் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம். இளைஞர்கள் உன்னிப்பாகக் கேட்க வேண்டும்.

நாற்காலி கொண்டுவர ஓடியவர்களைத் தடுத்து, அவர் தரையில் அமர்ந்தார். வீட்டில் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அத்தெருவுக்கு வரும் அலுவலர்களில் எத்தனை பேர் அவ்வீட்டுச் செம்பைத் தொடுகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பின்னர் அத்தாயைப் பார்த்து, ‘இன்று சாப்பிட்டீர்களா, அக்கா?’ என்று பன்மையில் கேட்டார். அரை மணி நேரம் விடை வரவில்லை. அவர் எழுந்திருக்கவுமில்லை, மறுபடி கேட்கவுமில்லை. பின்னர் அத்தாய் அழுதாள். அழுகைக்குப் பின் சொற்கள் வந்தன.

அடுத்த வருகையில் பத்துக் கேள்விகள் கேட்டார். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். 1987-இல் காக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்தது. கடந்த 7 நாள்களில் சிரிக்க முடிந்ததா, அஞ்சினீர்களா, உங்களையே பழித்துக்கொண்டீர்களா என்பன போன்ற எளிய கேள்விகள். இதன் தமிழ் வடிவமும் வேலூரிலே ஆராயப்பட்டு ஏற்புடையதென 2005-இல் காட்டப்பட்டுள்ளது. கடைசிக் கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். முளைக்காது, உள்ளே கிடந்தது வெளியே வரும், வெளியே வந்தால் காக்கலாம்.

பிறகு தாமே உடன் சென்று மருத்துவரிடம் காட்டினார். இரத்தச் சோகை கண்டறியப்பட்டது. மனச்சோர்வுக்கும் மருந்து தொடங்கினார்கள். வங்கிக் கணக்கில் பெயர்ப் பிழையால் நின்றுபோயிருந்த மகப்பேற்று உதவித் தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கு ஒரு வேலை, கணவனுக்கு ஒரு வேலை என்று வகுத்தார். இரவில் ஒரு முறை குழந்தையைத் தந்தை ஏந்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சில மாதங்களில் அத்தாய் தேறினாள். அதற்கு முன்பே, ஐந்தாம் வாரத்தில், அம்மாணவி பள்ளிக்கு வந்துவிட்டாள். ஒரு தாயின் மனம் நிமிர்ந்தால் ஒரு பெண்ணின் படிப்புப் பிழைக்கிறது. கல்விக் கழகத்தின் மேடையில் இதனைப் பேசுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

ஊர்ப் பெண்களால் முடியும்

இப்பணிக்குப் பெரிய மருத்துவர்கள்தாம் வேண்டும் என்று தயங்க வேண்டுவதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் அதீப் ரகுமான் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு முயற்சி செய்தனர். பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் குறுகிய பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற கருவுற்ற பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினர். பேற்றுக்கு முந்திய மாதத்தில் வாரம் ஒன்றாக 4, பேற்றுக்குப் பின் முதல் மாதத்தில் 3, அதன்பின் மாதம் ஒன்றாக 9 என, மொத்தம் 16 சந்திப்புகள். ‘உனக்கு மனநோய்’ என்று எவரும் சொல்லவில்லை. ‘பிள்ளை நன்றாக வளர வேண்டும்; அதற்கு வீட்டார் எல்லோரும் சேர்வோம்’ என்று தொடங்கினார்கள். கதவுகள் திறந்தன. 2008-இல் வெளியான முடிவின்படி, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, இப்பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் சென்ற ஊர்களில் நூற்றுக்கு 23 பேரே சோர்வில் நீடித்தனர். மற்ற ஊர்களில் 53 பேர்.

நம் நாட்டுச் சான்று இன்னும் நமக்கு நெருக்கமானது. ஜார்கண்டு, ஒரிசா மாநிலங்களில் பழங்குடியினரும் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்டோரும் மிகுந்து வாழும் மூன்று மாவட்டங்களில், ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பெண்கள் கூட்டங்களை நடத்தியது. கூட்டத்தை நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்களே. மாதம் ஒரு முறை கூடி, படங்களையும் கதைகளையும் கொண்டு, ‘நம் ஊரில் பிள்ளைகள் ஏன் சாகின்றன? நாம் என்ன செய்யலாம்?’ என்று தாங்களே ஆராய்ந்து தாங்களே வழி கண்டனர். 2010-இல் வெளியான ஆய்வின்படி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங் குழந்தைகளின் சாவு, கூட்டம் நடவாத பகுதிகளைவிட நூற்றுக்கு 45 பங்கு குறைந்திருந்தது. தாய்மாரின் மனச்சோர்வில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லையெனினும், நடுத்தரச் சோர்வு மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு 57 பங்கு குறைந்திருந்தது. மனநோய்க்கென்று அங்கே எவரும் மருத்துவம் செய்யவில்லை. துயரைச் சொல்ல ஓர் இடமும், கேட்கப் பத்துப் பேரும், சேர்ந்து செய்ய ஒரு வேலையும் கிடைத்தன, அவ்வளவே.

உரிமைக்கு வாதாடுதல்

சமூகப் பணியாளரின் கடமை வீட்டுத் திண்ணையோடு முடிவதில்லை. ஒரு வீட்டில் கேட்டதை ஊர் மன்றத்திலும், ஊரில் கேட்டதை அரசு அலுவலகத்திலும் எடுத்துரைப்பது அவருடைய மற்றொரு கடமை. இதற்கு நமக்கு வழிகாட்டி எங்கோ இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அதன் சுமையில் பெரும்பங்கு அரசைச் சேர வேண்டும் என்றும் அவர் வாதாடினார். மறு ஆண்டு 1929-இல் அது சட்டமாயிற்று. தாயின் ஓய்வு கருணையால் வருவதன்று, உரிமையால் வருவது என்ற கருத்து அன்றே நம் தலைவரின் வாயிலிருந்து பிறந்துவிட்டது.

பின்னர் 1961-இல் இந்திய அளவில் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. 2017-இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் அவ்விடுப்பு, சேற்றில் இறங்கி நாற்று நடும் கூலிப் பெண்ணை எட்டவில்லை. அவளுக்குத் தமிழக அரசு 1987-இல் தொடங்கிய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் அமைந்த மகப்பேற்று உதவித் திட்டமே கைகொடுத்தது. அத்தொகை உரிய தவணையில் உரியவள் கைக்குச் சேர்கிறதா என்று பார்ப்பவர் யார்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாயையும் சேயையும் ஒருங்கே வைத்து மருத்துவம் செய்யும் பிரிவு 2009 முதல் நடைபெறுகிறது. இச்செய்திகளை நம் குடிசைக்குக் கொண்டு செல்பவர் யார்? சட்டம் நூலில் உறங்கும்; அதனைத் தட்டி எழுப்பிக் கையைப் பிடித்து அழைத்து வருபவரே சமூகப் பணியாளர்.

இளைஞர்களுக்கு

மாணவச் செல்வங்களே! இளங்கலைப் பட்டம் எப்பாடத்தில் பெற்றாலும், இரண்டாண்டுச் சமூகப் பணி முதுகலை பயிலலாம். அதில் மருத்துவமும் மனநலமும் சார்ந்த சிறப்புப் பிரிவு உண்டு. மேற்பயிற்சி பெற்று மனநலச் சமூகப் பணியாளர் ஆகலாம். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் அவருக்கென்று ஓர் இடமே வகுக்கப்பட்டுள்ளது.

‘இதில் ஓய்வூதியம் உண்டா?’ என்று பெற்றோர் கேட்பது நம் செவியில் விழுகிறது. உண்மையை மறைக்க மாட்டோம். பல இடங்கள் ஒப்பந்த முறையில் அமைந்தவை, ஊதியம் மிகுதியன்று. நிலையான வேலையை வேண்டாம் என்று தள்ளும்படி வறுமையில் வளர்ந்த பிள்ளைக்கு உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் மனம் இதில் நாட்டம் கொண்டவர்களை அச்சுறுத்தித் திருப்ப வேண்டாம் என்றே வேண்டுகிறோம். தரையில் அமர்வதையும், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதையும், ‘அக்கா’ என்று அழைப்பதையும் எந்தக் கல்லூரியும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. அவை அவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்தவை. ஒன்றை மட்டும் அவர்கள் விழிப்போடு பயில வேண்டும். நம் தெருவில் எல்லோரும் உறவினர். ஒரு வீட்டில் கேட்டதை மறு வீட்டில் சொன்னால், கதவுகள் யாவும் அடைபடும். மறைபொருள் காப்பது இத்தொழிலின் முதல் அறம்.

ஆண் மக்களுக்கும் ஒரு சொல். இது பெண்கள் காரியம் என்று ஒதுங்காதீர்கள். கைக்குழந்தையை இரவில் ஒரு முறை ஏந்தும் கணவனும், பெண் பிறந்த வீட்டிற்குச் சர்க்கரையோடு செல்லும் தம்பியும் மருந்துக்கு நிகரானவர்கள்.

கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, ஆண்டுதோறும் இருவரேனும் சமூகப் பணி முதுகலை பயில நம் உதவித் தொகையில் இடம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, நம் கழகக் கட்டடத்தின் கூடத்தை மாதம் ஒரு நாள் மாலை தாய்மார் கூட்டத்திற்கு விட வேண்டும்; ஆண்கள் அன்று தலையிடலாகாது. மூன்றாவது, மனநல ஆலோசனைக்காக 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை, இக்கூடத்தின் வாயிலிலும் நம் ஊர்க் குடிநீர்த் தொட்டியின் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்றுக்கும் ஆகும் செலவு, நம் விழாப் பந்தலின் செலவை மிஞ்சாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக, ‘கற்பி’ என்ற கட்டளையை இக்கழகம் நிறைவேற்றி வந்திருக்கிறது. கற்றவர்கள் திரும்பி வந்து தம் தாய்மாரின் அருகில் தரையில் அமரும் காலத்தை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் காணட்டும்.